விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது?

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பாரேன்" என்று யாரிடம் சொன்னாலும் திரும்பி வரும் முதல் பதில் இதுதான்: "அதுல கேம் ஓடாதே!" பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதை மறுக்க முடியாது. இன்று நிலைமை வேறு. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்கும் விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. அதிலும் பெரும்பாலான கேம்களுக்கு, அவற்றைத் தயாரித்தவர்கள் லினக்ஸுக்கென்று ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. விண்டோஸுக்காகச் செய்த அதே ஃபைலை லினக்ஸ் எடுத்து ஓட்டுகிறது.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி இதைச் சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன். சொல்ல ஆசைப்படுவதற்குக் காரணமும் உண்டு. இந்த வேலையின் பெரும்பகுதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, திறந்த மூல மென்பொருளாகவே நடந்தது. முப்பது வருட உழைப்பு. அதன் பலனைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களில் பலருக்கே அப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாது.

முதலில், விண்டோஸ் கேம் லினக்ஸில் ஏன் ஓடக் கூடாது? இரண்டும் ஒரே லேப்டாப்பில், ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பின் மேல்தான் இருக்கின்றன. கேமின் இஎக்ஸ்இ ஃபைலுக்குள் இருப்பது அந்தச் சிப்புக்கான கட்டளைகள். கூட்டு, கழி, இந்த எண்ணை அங்கே வை, இது பெரியதா என்று பார். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருந்து வந்தாலும் சிப் இவற்றைச் செய்யும்.

சிக்கல் வேறு இடத்தில். எந்த நிரலும் எல்லா வேலையையும் தானே செய்துகொள்வதில்லை. ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும், திரையில் ஒரு ஜன்னல் வேண்டும், எந்த விசை அழுத்தப்பட்டது என்று தெரிய வேண்டும், ஒலி வர வேண்டும் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் கேட்கும். விண்டோஸில் இப்படிக் கேட்பதற்கு ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், கேட்கும் முறை, பதில் வரும் முறை உண்டு. கெர்னல்32, யூசர்32 என்ற பெயர்களில் கிடக்கும் டிஎல்எல் ஃபைல்களுக்குள், அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஃபைல்களுக்குள் இவை வாழ்கின்றன. லினக்ஸிலும் ஃபைல் திறக்க வழி இருக்கிறது, ஆனால் வேறு பெயரில், வேறு முறையில். விண்டோஸ் நிரல் வந்து 'கிரியேட்ஃபைல்' என்று கூப்பிட்டால் அங்கே பதில் சொல்ல ஆள் கிடையாது. அங்கேயே நின்றுவிடும்.

இதைச் சமாளிக்க மெய்நிகர் கணினி என்ற வழி உண்டு. லினக்ஸுக்குள் ஒரு பெட்டி மாதிரி வைத்து, அதற்குள் முழு விண்டோஸையும் நிறுவுவது. அலுவலக வேலைக்கு ஆகும். கேமுக்கு கிராஃபிக்ஸ் கார்டை உள்ளே கொண்டுபோவதே பெரும்பாடு, தனியாக விண்டோஸ் உரிமமும் வேண்டும். எமுலேட்டர் என்பது இன்னொன்று. வேறு ஒரு சிப் இருப்பதைப் போலவே நடித்துக் காட்டும். பழைய பிளேஸ்டேஷன் கேமைக் கணினியில் ஆட இது தேவை, ஏனென்றால் அந்தச் சிப்பின் கட்டளைகள் நம் சிப்புக்குப் புரியாது. ஒவ்வொரு கட்டளையையும் மாற்றித் தர வேண்டியிருப்பதால் வேகம் அடிபடும். ஆனால் நம் விஷயத்தில் சிப் மாறவே இல்லையே. அந்த நடிப்பே தேவையில்லை.

அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான். கேம் கேட்கும் அந்த ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்களை, அதே பெயரில், லினக்ஸுக்காகப் புதிதாக எழுதி வைத்துவிடுவது. ஓட்டல் கைமாறி உள்ளே சமையல்காரர் முதல் அடுப்பு வரை எல்லாம் மாறினாலும், மெனு அட்டையை மட்டும் அப்படியே வைத்திருந்தால் வாடிக்கையாளர் பழையபடி நெய் ரோஸ்ட் என்று கேட்பார், நெய் ரோஸ்ட் வரும். சமையலறையில் யார் என்று அவர் கேட்கப்போவதில்லை. வைன் என்ற மென்பொருள் செய்வது இதைத்தான்.

கேட்கும்போது எளிது. ஒரே ஒரு வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் பாடு தெரியும். நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர, கேம் தன் சேவ் ஃபைலைத் திறக்கிறது என்று வையுங்கள். சி டிரைவுக்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டாகுமென்ட்ஸ் என்று விலாசம் சொல்லும். லினக்ஸில் சி டிரைவ் என்று எதுவும் கிடையாது. ஆகவே வைன் ஒரு சாதாரண ஃபோல்டரை உருவாக்கி, இதுதான் உன் சி டிரைவ் என்று கேமிடம் சொல்லிவிடுகிறது. அப்புறம் விலாசத்தில் வரும் சாய்கோடுகள் விண்டோஸில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், லினக்ஸில் மறுபக்கம். அவற்றைத் திருப்பிப் போட வேண்டும். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும், லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஃபைல். கேம் எழுதியவர் ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் பெயரைப் போட்டிருப்பார், விண்டோஸில் அது யாருக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். வைன்தான் ஃபோல்டரைத் துழாவி சரியான ஃபைலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஃபைலைத் திறக்க அனுமதி இல்லையென்றால்? லினக்ஸ் 13 என்ற பிழை எண்ணைத் தரும். அதே நிலைமைக்கு விண்டோஸ் தருவது 5. கேமுக்கு 5 என்றால்தான் புரியும். 13-ஐ வாங்கி 5 ஆக்கிக் கொடுப்பதும் வைனின் வேலை. ஒரு ஃபைலைத் திறப்பதற்கே இத்தனை. இதுபோல ஒலி, மவுஸ், எழுத்துரு, நெட்வொர்க், கடிகாரம் என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

வைன் தொடங்கியது 1993-இல், விண்டோஸ் 3.1 நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக. பாப் ஆம்ஸ்டட் ஆரம்பத்தில் முன்னின்று நடத்தினார். 1994-இல் அலெக்ஸாண்டர் ஜூலியார் பொறுப்பை ஏற்றார், அதன் பிறகு இத்தனை வருடமும் அவர்தான் தலைமை. 1.0 என்ற எண்ணைப் போட்டு வெளியிட 2008 ஜூன் வரை ஆனது. பதினைந்து வருடம்! விண்டோஸின் மூல நிரல் மைக்ரோசாஃப்டின் பெட்டகத்தில் இருக்கிறது. வெளியே கிடைக்கும் ஆவணங்கள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஆவணத்தில் எழுதப்படாத பழக்கங்கள் விண்டோஸில் ஏராளம், நிரல்கள் அவற்றையும் நம்பியே எழுதப்பட்டிருக்கும். ஆகவே வைன்காரர்கள் சின்னச் சின்னச் சோதனை நிரல்கள் எழுதி, உண்மையான விண்டோஸில் ஓட்டி, இப்படிக் கேட்டால் அது என்ன பதில் சொல்கிறது என்று பார்த்து, அதே பதில் வரும்வரை தங்கள் நிரலைத் திருத்துகிறார்கள். விண்டோஸில் ஒரு பிழை இருந்து, அதை நம்பி ஒரு கேம் ஓடினால், அந்தப் பிழையையும் அப்படியே செய்து வைக்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்த்த எவரும் வைனுக்கு நிரல் எழுதித் தரக் கூடாது. விண்டோஸின் மூல நிரல் சில சமயம் இணையத்தில் கசிந்ததுண்டு, அதைத் தொட்டால் வேலை எவ்வளவோ சுலபமாகிவிடும். தொட மாட்டேன் என்று உட்கார்ந்து சோதனை மேல் சோதனை செய்கிறார்களே, அந்த ஒழுக்கத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சட்டப்படி வைன் இன்றுவரை தலைநிமிர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உரிமத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆரம்பத்தில் வைனின் உரிமம் மிகவும் தாராளமானது. யாரும் எடுத்து மாற்றி, மாற்றியதை மூடி வைத்துக்கொண்டு விற்கலாம். 2002-இல் அதை எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார்கள். எடுத்து விற்கலாம், ஆனால் வைனில் நீங்கள் செய்து வெளியிடும் மாற்றங்களின் மூல நிரலை மற்றவர்களுக்கும் தர வேண்டும். இந்த ஒரு நிபந்தனையால்தான் பின்னால் பணத்தோடு வந்த பெரிய நிறுவனங்களின் உழைப்பும் பொதுச் சொத்தில் சேர்ந்தது. 2023-இல் ஆப்பிள் நிறுவனம் விண்டோஸ் கேம்களை மேக்கில் ஓட்டிப் பார்க்க ஒரு கருவித்தொகுப்பை வெளியிட்டபோது, அதன் அடியில் இருந்ததும் வைன்தான்.

சரி, வைன் இருந்தும் பெரிய கேம்கள் ஏன் வெகுகாலம் ஓடவில்லை? கிராஃபிக்ஸ்தான் காரணம். விண்டோஸ் கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசுவது டைரக்ட்3டி என்ற வழியில். அது லினக்ஸில் இல்லை. வைன் அதை ஓப்பன்ஜிஎல் என்ற பழைய பொதுவான வழிக்கு மாற்றிக் கொடுத்தது. இரண்டும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் விதமே வேறு என்பதால், மாற்றுவதிலேயே நேரம் போய்விடும். கேம் திறக்கும், ஆனால் நொண்டும்.

2016 பிப்ரவரியில் வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் வழி வெளியானது. கிரோனோஸ் என்ற கூட்டமைப்பு உருவாக்கிய, எல்லோருக்கும் பொதுவான தரநிலை. கார்டை மிக நெருங்கிப் பேச விடும், நடுவில் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தானாக யூகித்துச் செய்யும் வேலைகள் குறைவு. மொழிமாற்ற வேலைக்கு இதைவிடத் தோதான அடித்தளம் கிடையாது. பிலிப் ரெபோலே என்ற ஜெர்மானிய இளைஞர் நியர்: ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்3டி 11 அழைப்புகளை வல்கனுக்கு மாற்றும் ஒரு மென்பொருளை எழுத ஆரம்பித்தார். அதன் பெயர் டிஎக்ஸ்விகே. தனக்குப் பிடித்த ஒரு கேம் ஓட வேண்டும் என்று ஒருவர் தொடங்கியது, லினக்ஸில் கேம் என்ற விஷயத்தையே புரட்டிப் போட்டுவிட்டது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. முழுநேரமும் இதையே செய்யுங்கள், வெளிப்படையாகவே செய்யுங்கள் என்று.

அதே 2018 ஆகஸ்டில் வால்வ் புரோட்டானை வெளியிட்டது. வைன், டிஎக்ஸ்விகே, இன்னும் சில துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டைதான் புரோட்டான். கோட்வீவர்ஸ் என்ற நிறுவனம் கூட உழைத்தது. ஜூலியார் வேலை பார்ப்பதும் அங்கேதான். வெளியான அன்று வால்வ் சோதித்து உறுதி சொன்ன கேம்கள் வெறும் 27. அதற்கு முன் வைனில் ஒரு கேமை ஓட்ட வேண்டுமென்றால் எந்த டிஎல்எல்லை எங்கே வைப்பது, எந்த அமைப்பை மாற்றுவது என்று ஒரு மாலைப்பொழுதே போய்விடும். புரோட்டான் வந்த பிறகு இன்ஸ்டால், பிளே. அவ்வளவுதான்.

வால்வுக்கு இதில் என்ன லாபம்? 2012-இல் விண்டோஸ் 8 தன் சொந்தக் கடையோடு வந்தபோது, வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதை வெளிப்படையாகவே கடுமையாக விமர்சித்தார். இன்னொருவர் வீட்டு வாசலில் கடை போட்டிருப்பவருக்கு வரும் பயம் அது. 2015-இல் லினக்ஸ் அடிப்படையில் ஸ்டீம் மெஷின் என்ற கணினிகளைக் கொண்டுவந்தார்கள், எடுபடவில்லை. அப்போது லினக்ஸுக்கென்று தனியாகச் செய்த கேம்கள் மட்டுமே அதில் ஓடின, அவை குறைவு. அந்தத் தோல்வியிலிருந்து வந்த முடிவுதான் புரோட்டான்: கேம் தயாரிப்பவரிடம் எதையும் கேட்காதே, அவர் செய்ததை அப்படியே ஓட்டு.

2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் இதை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது. 7 அங்குலத் திரை, 16 ஜிபி ராம், கையில் பிடித்து ஆடும் கருவி. உள்ளே இருப்பது ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் மேல் வால்வ் கட்டிய ஸ்டீம்ஓஎஸ். அது கடைக்கு வந்த சமயத்தில்தான் எல்டன் ரிங் என்ற பெரிய கேமும் வந்தது. சக்தி வாய்ந்த விண்டோஸ் கணினிகளிலேயே அந்தக் கேம் நடுநடுவே திக்கித் திக்கி நின்றது. அந்தத் திக்கலை ஸ்டீம் டெக்கில் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். திரையில் ஒரு பொருளின் நிறம், நிழல், பளபளப்பைக் கணக்கிடும் சின்ன நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். ஒவ்வொரு கார்டுக்கும் ஏற்றபடி இவற்றை மாற்றித் தயாரிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் புதிய ஷேடர் வந்தால் தயாராகும்வரை படம் நிற்கும். அப்போது ஸ்டீம் டெக்குகள் எல்லாவற்றிலும் ஒரே சிப் என்பதால், முன்கூட்டியே தயாரித்த ஷேடர்களை கேமோடு சேர்த்து இறக்கிக் கொடுத்தார்கள். ஆனால் எல்டன் ரிங்கின் பெரிய திக்கல்களுக்கு முக்கியக் காரணம் வேறு: சில இடங்களில் அந்தக் கேம் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான நினைவக ஒதுக்கீடுகளைக் கேட்டுத் தள்ளியது. அவற்றைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்தும்படி மொழிமாற்றும் அடுக்கைத் திருத்தினார்கள். கேமின் நிரலைத் தொடாமல், மொழிமாற்றும் அடுக்கிலேயே செய்த மருத்துவம் இது. அந்த அடுக்கு திறந்திருந்ததால்தான் முடிந்தது.

பழைய கேம்களுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. 64 பிட் விண்டோஸில் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்கள் ஓடாது, மைக்ரோசாஃப்ட் அந்த ஆதரவைச் சேர்க்கவில்லை. வைன் அவற்றில் பலவற்றை 64 பிட் லினக்ஸில் இன்றும் ஓட்டும்.

ஓடாதவை எவை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இணையத்தில் பலரோடு மோதி ஆடும் சில பெரிய கேம்கள் ஓடாது. காரணம் ஆன்டி-சீட் எனப்படும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். இவற்றில் சில விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியில் போய் உட்கார்ந்து கண்காணிக்கின்றன. வேலரன்ட் கேமின் வேன்கார்ட் அப்படிப்பட்டது. வைன் ஃபங்ஷன்களுக்குப் பதில் சொல்லும், விண்டோஸ் கெர்னலாகவே மாற முடியாது. ஆனால் எல்லாமே தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-இலிருந்தே புரோட்டானை ஆதரிக்கின்றன, கேம் நிறுவனம் சம்மதம் சொன்னால் போதும். சிலர் சொல்வதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் வழியாக ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் கடைசியில் கதவை மூடிவிட்டார்கள். ஏமாற்று ஆட்டம் உண்மையான பிரச்சினை, அவர்கள் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தாலும், கேமுக்குள் காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர்களை ஒரே நாளில் வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சின்னக் குறை ஒன்றும் உண்டு. சில கேம்களில் கதைக் காட்சி வரவேண்டிய இடத்தில் பழைய தொலைக்காட்சியில் வருவது போல வண்ணப் பட்டைகள் தெரியும். வீடியோவின் வடிவம் காப்புரிமை பெற்றதாக இருந்தால் புரோட்டான் அதை விரிக்கும் நிரலைத் தன்னோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. பயந்துவிடாதீர்கள், கேம் கெட்டுவிடவில்லை. புரோட்டான்-ஜிஇ என்ற தன்னார்வலர் பதிப்பைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லினக்ஸ் அன்பர்களிடையே ஒரு வாதம் நெடுநாளாக ஓடுகிறது. புரோட்டான் வந்ததால் லினக்ஸுக்கென்று தனியாகக் கேம் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இது நமக்கு நாமே வெட்டிய குழி என்கிறார்கள் ஒரு சாரார். குறைந்தது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்த கேம்கள் பலவற்றின் கதியைப் பார்த்தால் எனக்கு அந்த வாதம் ஏறவில்லை. வேறொரு நிறுவனத்திடம் கொடுத்து லினக்ஸ் பதிப்பை ஒருமுறை செய்துவிட்டு, அப்புறம் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். சில வருடத்தில் புதிய லினக்ஸில் அது திறக்காது. அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் நன்றாக ஓடும். கைவிடப்பட்ட சொந்தப் பதிப்பைவிட, தினமும் நூறு கண்கள் பார்த்துத் திருத்தும் மொழிமாற்றம் மேல். ஆனால் ஸ்டீம் மென்பொருளும் கேம்களும் மூடிய மூலம்தான். திறந்திருப்பது நடுவில் உள்ள அடுக்கு. முழுச் சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆசை வந்துவிட்டதா? முதலில் உங்கள் கேமின் பெயரை புரோட்டான்டிபி தளத்தில் தேடுங்கள். ஆடிப் பார்த்தவர்கள் தங்கள் கார்டு, லினக்ஸ் பதிப்பு எல்லாவற்றோடும் எழுதி வைத்திருப்பார்கள். பிளாட்டினம், கோல்டு என்றிருந்தால் தயங்க வேண்டாம். அடுத்து உங்கள் கிராஃபிக்ஸ் வல்கனை முழுதாக ஆதரிக்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய லேப்டாப் என்றால் இது முக்கியம். இன்டெல்லின் நான்காம் தலைமுறைச் சிப்புகளில் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸில் வல்கன் அரைகுறைதான், புதிய டிஎக்ஸ்விகே அதில் ஓடாது. அப்புறம் முன்பு விண்டோஸில் வைத்திருந்த கேம்களை அதே என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் முறையில் அமைந்த) டிரைவிலிருந்தே ஓட்டப் பார்க்காதீர்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். புரோட்டான் உருவாக்கும் சில ஃபைல் பெயர்களில் முக்காற்புள்ளி வரும், அந்த டிரைவில் அது தகராறு செய்யும். லினக்ஸ் டிரைவிலேயே மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

கேம் திறக்கவில்லை என்றால் ஸ்டீமில் அதன் மீது வலது கிளிக் செய்து, கம்பாடிபிலிட்டி பகுதியில் வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா? புரோட்டானில் லாக் எடுக்கும் வசதி இருக்கிறது. கேமின் லாஞ்ச் ஆப்ஷனில் அதை இயக்கிவிட்டுத் திறந்தால், எந்த ஃபங்ஷனைக் கேட்டபோது பதில் கிடைக்காமல் நின்றது என்பது வரை எழுதிய ஒரு ஃபைல் உங்கள் ஹோம் ஃபோல்டரில் வந்து விழும். அதை, திறந்த மூல நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் புரோட்டானின் பக்கத்தில், உங்கள் கார்டு, டிரைவர் விவரத்தோடு இணைத்துப் போடுங்கள். அதே கேமுக்கு ஏற்கெனவே ஒரு புகார் இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதன் கீழேயே எழுதுங்கள். அதைப் படிக்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.